குடத்தில் ஓலை போட்டது உத்திரமேரூர். ஓட்டு விதி இல்லாமல் தவிக்கிறது உலகம்!

காஞ்சீபுரத்தில் இருந்து வந்தவாசிக்குப் போகும் சாலையில், செய்யாற்றை ஒட்டி இருக்கிறது பெருநகர்.

பெயர்தான் பெருநகர். ஊர் என்னவோ கிராமம்தான். உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்தது. பிரம்மபுரீஸ்வரர் கோவில் கொண்ட ஊர். தைப்பூசம் வந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்களின் சுவாமிகள் எல்லாம் செய்யாற்றுக்கு எழுந்தருளுவார்கள். கூட்டம் ஜேஜே என்று இருக்கும்.

மற்ற நாட்களில் இந்த வட்டாரத்தின் பேச்சு எல்லாம் நெல்லும் நீரும்தான்.

மழை எப்போது வரும்? வந்தால் ஏரி தாங்குமா? அறுவடைக்கு முன் வந்து கதிரைச் சாய்த்துவிடுமா?

முன்பெல்லாம் இதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். ஈசான மூலையில் மின்னுகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள். இப்போது செல்போனைப் பார்க்கிறார்கள்.

ஆக, பெருநகர் விவசாயியின் வாழ்வு இன்று இரண்டு விஷயங்களில் அடங்கி இருக்கிறது. ஒன்று, தலைக்கு மேலே இருக்கும் வானம். மற்றொன்று, கையில் இருக்கும் செல்போன்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டைப் பற்றியும் முடிவு செய்கிற இடங்கள் பெருநகரில் இல்லை, சென்னையில் இல்லை, டெல்லியில் கூட முழுசாக இல்லை. ஜெனீவா, நியூயார்க், பாரீஸ், கலிபோர்னியா என்று உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

அங்கே என்னதான் நடக்கிறது? அதைத் தெரிந்து கொள்வதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் உத்திரமேரூருக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

கல்லிலே எழுதிய சட்டம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. கி.பி. 919-ல் ஒன்று, 921-ல் மற்றொன்று.

ஊர்ச் சபைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு இருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதுவார்கள். ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவனை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் ஓர் ஓலையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பெயர் வந்ததோ, அவர்தான்!

இப்படி 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம். அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். மீதி 6 பேர்?

ஏரி வாரியம்!

ஆம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கு என்றே தனி வாரியம். மதகு, கரை, கலங்கல், தூர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்திலேயே இருந்த ஏரி அது. உத்திரமேரூர் ஏரி இன்றும் இருக்கிறது.

வாரியத்தின் பதவிக் காலம் 360 நாள். அதற்கு மேல் ஒரு நாள் கூட இல்லை. இடையில் குற்றம் செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கம்.

எல்லாவற்றையும் விடக் கடுமையான விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து விட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக்கூடாது. அவன் பெயரை மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் எழுதக்கூடாது! சின்னம்மா பிள்ளை, மாமன், மைத்துனன் என்று உறவு முறைகளை வரிசையாக எழுதி, அத்தனை வழியையும் அடைத்திருக்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 919-ம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921-ல் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். விதி சரிப்படவில்லை என்று தெரிந்ததும், இரண்டே ஆண்டில் கூடி உட்கார்ந்து திருத்தி விட்டார்கள்.

அதற்காக, அது எல்லாருக்கும் பொதுவான ஜனநாயகம் என்று சொல்லிவிட முடியாது. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடம் இல்லை. வயலில் இறங்கி உழுதவனுக்கும் இடம் இல்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது நியாயம் ஆகாது.

ஆனாலும், பொதுச் சொத்து ஒன்றைப் பலர் சேர்ந்து காப்பாற்ற என்ன தேவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யார் முடிவு செய்வது, எப்படி முடிவு செய்வது, தவறினால் என்ன தண்டனை: மூன்றும் கல்லிலே இருக்கிறது.

2020 டிசம்பரில் டெல்லியில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய போது, பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார்.

முப்பது வருடமாக ஓட்டுப் பெட்டி இல்லை!

இனி, உலகத்துக்கு வருவோம்.

வானமும் ஓர் ஏரி மாதிரிதான். எல்லாருக்கும் பொது. எல்லாரும் அதில் புகையைக் கொட்டுகிறார்கள். நிலக்கரி, பெட்ரோல் எரித்த புகையில் இருக்கும் கரியமில வாயு, போர்வை போலப் பூமியைச் சுற்றிக்கொண்டு வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. யந்திர யுகத்துக்கு முன்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டி விட்டது.

வெப்பம் கூடினால் கடல் சூடாகும். கடல் சூடானால் காற்று அதிக நீரைச் சுமக்கும். சுமந்ததை ஒரே இடத்தில் கொட்டும்.

இதைத் தடுக்க 1992-ல் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஏறத்தாழ 200 நாடுகள் அதில் சேர்ந்தன. 1995-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் முதல் மாநாடு கூடியது. கூடியதும் முதல் வேலையாக, மாநாட்டின் நடைமுறை விதிகளை எடுத்துக் கொண்டார்கள். அதில் 42-வது விதி, ஓட்டெடுப்பு பற்றியது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு போதுமா, அல்லது எல்லாரும் சம்மதிக்க வேண்டுமா?

எண்ணெய் வளம் கொண்ட நாடுகள், எல்லாரும் சம்மதித்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றன. முடிவு ஏற்படவில்லை. சரி, அடுத்த மாநாட்டில் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள்.

இன்று வரை தள்ளி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்!

2011-ல் மெக்சிகோவும் பப்புவா நியூகினியாவும், ஓட்டெடுப்புக்கு வழி செய்யும்படி ஒரு திருத்தம் கொண்டு வந்தன. அதுவும் நிறைவேறவில்லை. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் 30-வது மாநாடு நடந்தது. அப்போதும் அந்த 42-வது விதி அப்படியே நின்றது.

உத்திரமேரூர் சபை இரண்டு ஆண்டில் விதியைத் திருத்தியது. உலக சபைக்கு 30 ஆண்டு போதவில்லை.

ஓட்டு இல்லை என்றால் எப்படி முடிவு எடுக்கிறார்கள்? யாரும் பலமாக ஆட்சேபிக்காத வரை பேசுகிறார்கள். இரவு பகலாக, ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். 2021-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மாநாட்டில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நிலக்கரியைப் "படிப்படியாக ஒழிப்பது" என்று தீர்மானத்தில் இருந்தது. கடைசி நேரத்தில் இந்தியா எழுந்து ஆட்சேபித்தது. "படிப்படியாகக் குறைப்பது" என்று மாற்றிய பிறகே தீர்மானம் நிறைவேறியது.

இந்தியா செய்தது தவறா?

தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வழக்கு இது. மதகுக்கு அருகே இருப்பவன் தலைமடைக்காரன். அவன் வயல் நிரம்பிய பிறகே கடைமடைக்குத் தண்ணீர் போகும். உலகில் தலைமடைக்காரர்கள் பணக்கார நாடுகள். இதுவரை மனிதன் வானத்தில் கொட்டிய கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு அமெரிக்கா ஒன்றே கொட்டியது. இந்தியாவின் பங்கு 3 சதவீதம் அளவுதான். இன்றைக்கும் ஓர் அமெரிக்கர் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 14 டன். ஓர் இந்தியர் கணக்கில் சுமார் 2 டன். "விருந்து சாப்பிட்டவர் நீங்கள், இலை எடுக்க மட்டும் எங்களைக் கூப்பிடுகிறீர்களா?" என்பது இந்தியாவின் வாதம்.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், நியாயம் இருப்பதால் செய்யாற்றில் வெள்ளம் குறைந்து விடாது. அதுதான் சங்கடம்.

பாரீசில் பேச்சு, தாம்பரத்தில் வெள்ளம்

2015 நவம்பர் 30-ந் தேதி பாரீஸ் நகரில் உலகத் தலைவர்கள் கூடினார்கள். பூமியின் வெப்பத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பேசத் தொடங்கினார்கள்.

மறுநாள், டிசம்பர் 1-ந் தேதி, தமிழ்நாட்டில் பேய் மழை பிடித்துக் கொண்டது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர்! செம்பரம்பாக்கத்தில் 47 சென்டி மீட்டர்! அப்போது அவை காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்தன. அடையாறு பொங்கி எழுந்து சென்னைக்குள் புகுந்தது. மாவட்டத்தின் ஏரிகள் நிரம்பி வழிந்தன, கரைகள் உடைந்தன. மாடியில் நின்றுகொண்டு படகுக்காகக் கை காட்டியவர்கள் எத்தனை பேர்!

அங்கே மாநாடு நடந்துகொண்டே இருந்தது. டிசம்பர் 12-ந் தேதி பாரீஸ் உடன்படிக்கை நிறைவேறியது. வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு வெகுவாகக் கீழே நிறுத்த வேண்டும், 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2024-ம் ஆண்டின் சராசரி வெப்பம் அந்த 1.5 டிகிரிக் கோட்டைத் தாண்டி விட்டதாக உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. ஒரு வருடம் தாண்டியதாலேயே உடன்படிக்கை முறிந்து போனதாகச் சொல்ல முடியாது; பல வருடச் சராசரிதான் கணக்கு. ஆனால், கோடு வெகு அருகில் வந்துவிட்டது.

பாரீஸ் உடன்படிக்கையில் தண்டனை கிடையாது. ஒவ்வொரு நாடும் தானே இலக்கை நிர்ணயித்துக் கொள்ளலாம். எட்டாவிட்டால் அபராதம் இல்லை. வேண்டாம் என்றால் விலகியும் போகலாம். அமெரிக்கா 2020-ல் விலகியது. 2021-ல் திரும்ப வந்தது. 2025 ஜனவரியில் மறுபடி விலகுவதாக அறிவித்தது. கணக்குக் காட்டாதவன் மாமன் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது என்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

பாகிஸ்தான் வைத்த பெயர்

உலக நாடுகள் சேர்ந்து எதையுமே உருப்படியாகச் செய்தது இல்லையா என்று கேட்கத் தோன்றும்.

செய்திருக்கின்றன. அதற்கு அத்தாட்சி ஒவ்வொரு கார்த்திகையிலும் நம் வீட்டு வாசலுக்கே வருகிறது: புயலின் பெயர்!

2016 டிசம்பர் 12-ந் தேதி சென்னை மரங்களை வேரோடு சாய்த்த "வார்தா", பாகிஸ்தான் வைத்த பெயர். ரோஜா என்று பொருள். 2018-ல் டெல்டாவின் தென்னைகளை முறித்த "கஜா", இலங்கை வைத்த பெயர். 2020-ல் வந்த "நிவர்", ஈரான் வைத்தது. 2022-ல் மாமல்லபுரம் அருகே கரை ஏறிய "மாண்டஸ்", ஐக்கிய அரபு நாடு வைத்தது. 2023-ல் சென்னையை மூழ்கடித்த "மிக்ஜாம்", மியான்மர் வைத்தது. 2024-ல் வந்த "பெஞ்சல்", சவுதி அரேபியா வைத்தது. 2025 நவம்பரில் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த "டித்வா", ஏமன் வைத்தது.

வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சேர்ந்த 13 நாடுகள் ஒரு குழுவில் இருக்கின்றன. ஆளுக்கு 13 பெயர் கொடுத்தன. மொத்தம் 169. அந்தப் பட்டியல் 2020-ல் வெளியானது. வரிசைப்படி வருகிற புயலுக்கு வரிசைப்படி பெயர். புயலைக் கவனித்து இந்த நாடுகளுக்கு எல்லாம் எச்சரிக்கை கொடுப்பது டெல்லியில் உள்ள வானிலை மையத்தின் பொறுப்பு.

இந்தியாவும் பாகிஸ்தானும் இதில் இருக்கின்றன. ஈரானும் சவுதி அரேபியாவும் இருக்கின்றன. நிலத்திலே ஆயிரம் சண்டை. வானத்திலே ஒரே பட்டியல்!

இது திடீரென்று வந்தது அல்ல. வானிலைக்கான சர்வதேச அமைப்பு 1873-லேயே தோன்றியது. 1950-ல் அது உலக வானிலை நிறுவனம் ஆயிற்று. 1963-ல் உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. ஒரு நாடு அளந்த காற்றும் மழையும் மற்ற நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்து விடும்.

இது மட்டும் ஏன் நடக்கிறது? மழைக் கணக்கைக் கொடுப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கொடுத்தவனுக்கும் பதிலுக்கு எல்லார் கணக்கும் கிடைக்கிறது. நிலக்கரியை விடு என்றால் ஒருவன் அடுப்பை அணைக்க வேண்டும். ஒருவன் வேலையை இழக்க வேண்டும். அங்கேதான் கை பின்வாங்குகிறது.

பெருநகரில் ஒருவர் செல்போனைத் திறந்து "நாளை கனமழை" என்று படிக்கிறாரே, அதற்குப் பின்னால் செயற்கைக் கோள், கம்ப்யூட்டர், கடலில் மிதக்கும் கருவி, பல நாட்டு ஊழியர்களின் உழைப்பு எல்லாம் இருக்கிறது. ஒரு மூட்டை நெல்லைக் கூட அதனால் காப்பாற்ற முடியும்.

செல்போனுக்கு யார் எஜமான்?

இந்தச் செல்போன் உலகத்துக்கு யார் வாரியம்?

தந்தி வந்த காலத்தில் 1865-லேயே நாடுகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. ஒரு நாட்டுத் தந்தி இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டுமே! அந்தச் சங்கம் ஐ.நா. சபையின் கிளையாக ஜெனீவாவில் இன்றும் இயங்குகிறது.

ஆனால், இன்டர்நெட் அதன் கையில் இல்லை. இன்டர்நெட்டின் முகவரிப் புத்தகத்தை வைத்திருப்பது கலிபோர்னியாவில் உள்ள "ஐகான்" என்ற அமைப்பு. 1998-ல் ஏற்பட்டது. 2016 வரை அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்பந்தத்தின் கீழ் இருந்தது. அந்த முகவரிப் புத்தகத்தில் தமிழ் எழுத்துக்கும் இடம் உண்டு. ".இந்தியா", ".இலங்கை", ".சிங்கப்பூர்" என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் இன்று இருக்கின்றன.

2012 டிசம்பரில் துபாயில் ஒரு மாநாடு. இன்டர்நெட் விஷயத்தில் அரசாங்கங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று பெரிய சண்டை. 89 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அமெரிக்காவும் பல ஐரோப்பிய நாடுகளும் மறுத்தன. இந்தியாவும் அன்று கையெழுத்துப் போடவில்லை. இருதரப்புப் பயத்திலும் உண்மை உண்டு. அரசாங்கத்திடம் கொடுத்தால் வாயை அடைப்பார்கள் என்று ஒரு பயம். கம்பெனிகளிடம் விட்டால் ஊரையே விற்பார்கள் என்று மற்றொரு பயம்.

2024 செப்டம்பரில் ஐ.நா. சபை "உலக டிஜிட்டல் ஒப்பந்தம்" ஒன்றை நிறைவேற்றியது. நல்ல நல்ல வாசகங்கள் இருக்கின்றன. கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், கம்ப்யூட்டர் குற்றங்களைத் தடுக்க ஓர் உடன்படிக்கையை ஐ.நா. ஏற்றது. 2025 அக்டோபரில் வியட்நாமின் ஹனாய் நகரில் நாடுகள் அதில் கையெழுத்திட்டன. இது கிராமத்துக்குச் சம்பந்தம் இல்லாதது என்று நினைக்க வேண்டாம். "உங்கள் பாங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று போன் வருகிறதே, அந்தக் குரல் எந்த நாட்டில் இருந்து வேண்டுமானாலும் வரலாம். உள்ளூர்ப் போலீஸ்காரர் எல்லை தாண்டிப் போய்ப் பிடிக்க முடியுமா?

இதிலே வானமும் செல்போனும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. செல்போனில் ஒரு படம் பார்த்தால், அது எங்கோ ஒரு பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்து வருகிறது. "டேட்டா சென்டர்" என்பார்கள். சென்னையிலும் பல இருக்கின்றன. கம்ப்யூட்டர்கள் சூடாகும், குளிர வைக்க மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். 2024-ல் உலக மின்சாரத்தில் சுமார் ஒன்றரை சதவீதம் இந்தக் கூடங்களுக்கே செலவாயிற்று என்று சர்வதேச எரிசக்தி நிறுவனம் கணக்கிட்டது. 2030-க்குள் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகுமாம். அந்த மின்சாரம் நிலக்கரியில் இருந்து வந்தால், புகை வானத்துக்குத்தான் போகும்.

புயலை முன்கூட்டிச் சொல்லும் கம்ப்யூட்டரே புயலுக்குத் தீனி போடுகிறது!

2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டின்போது இது பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இஷ்டப்பட்ட நாடு சேரலாம் என்ற வகைதான். அதே மாநாட்டில் பணம் பற்றியும் முடிவாயிற்று. ஏழை நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தரப் பணக்கார நாடுகள் தலைமை ஏற்கும். தீர்மானம் நிறைவேறியதாகச் சுத்தியலைத் தட்டிய உடனே இந்தியாவின் பிரதிநிதி எழுந்து, இது போதாது, ஏற்க முடியாது என்றார். ஓட்டெடுப்பு கிடையாதே! ஆட்சேபம் குறிப்பில் ஏறியது. தீர்மானம் நின்றது.

2025 ஜூலையில் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் ஒரு கருத்துரை வழங்கியது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. தவறினால் பொறுப்பு ஏற்க வேண்டி வரலாம் என்றது. பசிபிக் கடலில் உள்ள குட்டித் தீவு வனுவாட்டு முன்னின்று ஐ.நா. சபை மூலம் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது. தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள் 2019-ல் தொடங்கிய முயற்சி அது. இந்தக் கருத்துரையும் ஒரு நாட்டையும் கட்டாயப்படுத்தாது. ஆனால், கோர்ட்டுகளில் வக்கீல்கள் கையில் எடுத்து வாதாட அது உதவும்.

31-வது மாநாட்டை 2026 நவம்பரில் துருக்கி நாட்டின் அந்தாலியா நகரில் நடத்துவது என்று பெலெம் நகரில் முடிவு செய்தார்கள். பேச்சுவார்த்தையை ஆஸ்திரேலியா நடத்தும். பருவநிலை மாநாடு பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான் கூடுகிறது.

உத்திரமேரூர் வட்டத்தில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏரிக் கலங்கலில் தண்ணீர் வழிகிறதா என்று பார்க்க ஆட்கள் கரைமேல் நடக்கும் நேரம்.